ஒரு தெரு தள்ளி விழுந்த சிவப்பு

அக்கா, நேற்று நீ விடாமல் கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. போன் என் காதில்தான் இருந்தது. மறுமுனையில் ஒரு நில அளவையாளர். அவரை விட்டிருந்தால் ஒரு தெருவே போயிருக்கும்.

எங்கள் வேலை உனக்குத் தெரியும். மழை அளவு ஒரு அலுவலகத்து சர்வரில் இருந்து வரும், மண் ஈரம் இன்னொன்றில் இருந்து, வீடுகளின் வரைபடம் நில அளவை அலுவலகத்தில் இருந்து. எல்லாவற்றையும் இணையத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மலையில் மண் சரியக்கூடிய இடத்தைச் சிவப்பாகக் காட்டுவோம். அதைப் பார்த்துத்தான் மீட்புக் குழு ஆட்களை வெளியேற்றும்.

நேற்று மதியம், கொட்டுகிற மழையில், சிவப்பு கீழ்த்தெருவில் விழுந்தது. மீட்பு வண்டியும் கிளம்பிவிட்டது. எனக்கு மட்டும் உறுத்தியது. திரையில் பாலம் ஆற்றை விட்டு விலகித் தரையில் கிடந்தது. வீடுகள் மொத்தமும் ஒரு தெரு நகர்ந்திருந்தன. மண் வரப்போவது மேல்தெருவுக்கு.

அளவையாளரைப் பிடித்தேன். அவர்களுடைய வரைபடம் பழைய அளவுமுறை, எப்போதும் கொஞ்சம் விலகி வரும். எங்கள் சர்வர் தானாகத் திருத்திக்கொள்ளும். அவர் கனிவான குரலில் சொன்னார்: "உங்களுக்குச் சிரமம் வேணாம்னு காலைலயே நாங்களே திருத்திட்டோம் தம்பி."

ஒரே தப்பை இரண்டு பேர் திருத்தியிருக்கிறோம். அவரிடம் கத்திவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு மேலாளரிடம் ஓடினேன். எங்கள் திருத்தத்தை எடுக்க எழுத்தில் அனுமதி கேள் என்றார். என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பவர் அவர்தான். ஆனாலும் சொன்னேன்.

"சார், லெட்டர் போறதுக்குள்ள மண்ணு வந்துடும்."

ஜன்னலைப் பார்த்தார். "செய். ஆனா என்னைக் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லாத."

எங்கள் திருத்தத்தை நீக்கினேன். சிவப்பு மேல்தெருவுக்கு ஏறியது. வண்டியைத் திருப்பச் சொன்னேன். மூச்சு விடுவதற்குள் சிவப்பு மறுபக்கம் தாவி, காலி மைதானத்தில் போய் உட்கார்ந்தது. வண்டிக்காரர் திரையைப் பார்த்துக் கத்துகிறார், எங்கே போகட்டும் என்று.

அளவையாளர் லைனிலேயே இருந்தார். "நீங்க கோவப்பட்டீங்களேன்னு நாங்க போட்டதை எடுத்துட்டோம்" என்றார், பெரிய உதவி செய்தவர் மாதிரி.

எங்கள் திருத்தத்தைத் திரும்பப் போட்டேன். சிவப்பு மேல்தெருவுக்கு வந்தது. "அண்ணே, கும்புடுறேன். இனி எதையும் தொடாதீங்க. லைன்லயே இருங்க."

இருந்தார். வண்டி மேல்தெருவுக்குப் போய்க் கடைசி வீட்டையும் காலி செய்யும் வரை அவருடைய மூட்டு வலி முழுவதையும் கேட்டேன். ஆட்கள் இறங்கிய பிறகுதான் மண் வந்தது.

சொன்னேன். அவருக்கும் பெரிய நிம்மதி.

"அப்பாடா. இப்பவாவது சரி பண்ணிடட்டுமா தம்பி?"