கரும்பளிங்கில் பதிந்த கை

மேலைவானில் கதிரவன், பதம் தப்பிய பாகுக் கொப்பரையெனச் சிவந்து கருகிக்கொண்டிருந்த மாலையிலே, ஆற்றங்கரை நெடுகக் கால்நீட்டிக் கிடந்த சருக்கரை ஆலை, தன் புகைபோக்கிகளுக்கெல்லாம் விளக்குமாலை சூட்டிக்கொண்டு, முதுமையில் மணக்கோலம் பூண்ட செல்வரைப்போல் நாணமின்றி மினுக்கியது. பழுப்புச் சருக்கரையைக் கரைத்து, கரியில் வடித்து, வெண்மணியாக்கி விற்று அது நூற்றாண்டு கண்டுவிட்டதாம். அவ்வரலாற்றைப் பொன்னெழுத்தில் தாங்கிய கரும்பளிங்குப் பலகை, மூட்டைக் கூடத்தின் வாயிலில் திரைக்குள் ஒளிந்திருந்தது. தெருவே திரண்டு வந்திருந்தது. விருந்து உண்டென்றால் யாருக்குத்தான் வரலாற்றின்மேல் பற்று பிறவாது, நயமறிந்தீர்?

திரை விலக்க அழைக்கப்பெற்றவள் ஊசியம்மா. சாக்குவாய் தைத்தே முதுகு வளைந்தவள். கையூசியினும் நாவூசி கூரியது என்பதால் அப்பெயர். ஆலையின் பொன்விழா நாளில், அதே கூடத்தில், அவள் நூல்கண்டு எடுக்க வெளியே சென்ற சிறுபொழுதில் தங்கையைப் பறிகொடுத்தவள். மூட்டைக் கணக்கு குறையலாகாதென்று, உத்தரங்களில் படியும் சருக்கரைத் துகளைக் கூட்டும் வேலையை விழா முடியும்வரை நிறுத்திவைத்திருந்தார்கள். மாவினும் நுண்ணிய அத்துகள் காற்றில் எழுந்து, ஒரு தீப்பொறி பட்டு வெடித்தது. கூடமும் போயிற்று, கூடத்திலிருந்தோரும் போயினர். அத்தகையவள் ஆலை தந்த புதுத்துணிக்கு மயங்கித் திரை விலக்க ஒப்பினாள் எனத் தெரு முணுமுணுத்தது. உண்மை வேறு: தங்கையின் பெயர் கல்லில் இருக்குமென்று சின்ன முதலாளி அவள் வீட்டுக்கே வந்து வாக்களித்திருந்தார்.

திரை விலகிற்று. கூடம் வெடித்த ஆண்டுக்கு நேரே இருந்தது ஒரே வரி: ‘பழங்கூடம் அகற்றப்பட்டுப் புதுக்கூடம் எழுந்தது.’

“யாரு தம்பி அகற்றினது? உங்க தாத்தா சுத்தியலும் கையுமா வந்தாரா?”

சின்ன முதலாளி, விழாவுக்கென்றே ஒட்டிவைத்தாற்போன்ற புன்னகை கலையாமல் குனிந்தார். “நல்ல நாளும் அதுவுமா எதுக்கும்மா அந்தப் பேச்சு? அப்புறம் பாத்துக்கலாம்.”

கனன்ற கண்களை அவள் கூடத்துள் திருப்பினாள். விழாவன்றும் ஓயாத எந்திரத்தருகே அவள் மகள் நின்றிருந்தாள்; மகளின் கூந்தல் நரைத்தாற்போல் வெளுத்திருந்தது. தாய் அண்ணாந்தாள். உத்தரங்களும் வெளுத்திருந்தன.

“ஏண்டி, மேல கூட்டலையா?”

“விழா முடியட்டும்னு நிறுத்திட்டாங்கம்மா. நீ வாயத் திறக்காத, வேலை போயிடும்.”

“வேலை போனா வீட்டுக்கு வருவ. உன் சித்தி வரலைடி.”

வெகுண்ட ஊசியம்மா, தடுத்தோர் கைகளை விலக்கி, இரும்புப் படியேறி, எட்டிய உத்தரத்தை உள்ளங்கையால் வழித்து, இறங்கிவந்து, அந்தப் பொன்வரியின்மேல் ஓங்கி அறைந்தாள். கருமையில் ஐந்து விரலும் வெண்மையாய் விரிந்தன.

“கல்லு பாழாகுதும்மா,” என்றார் சின்ன முதலாளி.

“கல்லைக் கழுவிக்கலாம். முதல்ல எந்திரத்த நிறுத்தச் சொல்லு. இல்லன்னா நான் இங்கயே உக்காந்துக்கறேன், நீயும் என் பக்கத்துல உக்காரு.”

சின்ன முதலாளி தாமும் அண்ணாந்து பார்த்தார். அவரது கால்கள் தாமாகவே வாயில்புறம் நகர்ந்தன. அப்போதுதான் தெருவுக்கும் கண் திறந்தது; பந்திக்கு முந்துவோர் எனப் பெயரெடுத்தவர்கள் அன்று வெளியேறுவதில் காட்டிய விரைவு சொல்லில் அடங்காது. எந்திரத்தை நிறுத்தும் பிடியை இழுத்தவள் மகள்தான். பின்னர், இரைச்சல் அடங்கிய கூடத்தில், ஈரத்துணியும் மென்துடைப்பமுமாய்த் தொழிலாளர் உத்தரம் உத்தரமாய் ஏறினர்.

மறுநாள் கல்லைக் கழுவினார்கள். ஆயினும் பளிங்கில் வெட்டிய எழுத்துக் குழிகளில் தங்கிய இனிப்பை எறும்புகள் விடவில்லை. நூற்றாண்டுப் பெருமை முழுவதையும் மதியாமல் கடந்து, அந்த ஒரு வரியை மட்டும் கருங்கோடாய் மொய்த்து மறைத்தன. வெற்றியைச் செதுக்கி இழப்பை மழிக்கும் வரலாறு, அவ்விழப்பை மறுமுறையும் அழைக்கும் ஓலையன்றோ?

மகளுக்கு வேலை போயிற்று. மாலையில் அவள் வீட்டுக்கு வந்தாள்.