வெளியே உட்கார ஒருத்தர்

வாலிபர் கோடை முகாமை இனி எங்கே நடத்துவது என்று முடிவு செய்ய, சனிக்கிழமை காலை ஆலயத்தின் மாடி அறையில் நாங்கள் ஐந்து பேர் கூடினோம். போதகர், பல் டாக்டர், கணக்கு டீச்சர், என் அத்தை, நான். முகாமில் இருபத்திரண்டு வருடமாகச் சமைப்பவர் அத்தை. வாலிபர்கள் சார்பில் ஒருவர் வேண்டும் என்று என்னைச் சேர்த்திருந்தார்கள். அதுவரை கமிட்டி என்னிடம் கேட்டதெல்லாம், "அந்த ஜன்னலைச் சாத்தும்மா" என்பதுதான்.

அன்றைக்கு என் ஓட்டு தேவைப்பட்டது.

முகாம் எப்போதும் மலைமேல் ஏரிக்கரை பங்களாவில் நடக்கும். போன வருடம் மலைச்சாலை சரிந்து, பிள்ளைகள் ஒரு பகல் முழுக்கப் பேருந்திலேயே மாட்டிக்கொண்டார்கள். இந்த வருடம் பெயர் கொடுத்தது பதினோரு பேர். இந்த மாடியிலேயே நடத்தினால் நாற்பது பேர் வருவார்கள் என்றார் போதகர். பல் டாக்டர் அவர் பக்கம். டீச்சரும் அத்தையும் ஏரியை விடுவதாக இல்லை.

நான் ஏரிக்கு என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன். காரணம், என் தங்கை. அவளுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. இதுதான் அவளுடைய முதல் முகாம். எங்கள் வீட்டில் இரண்டு அறை, ஐந்து பேர். கத்தரிக்கோல் எங்கே, சார்ஜர் எங்கே, யார் செருப்பு வாசலில், எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். முன்பு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முகாமில் 'அமைதி வேளை' என்று ஒன்று உண்டு. தினமும் காலையில் ஒரு மணி நேரம். கையில் கடிகாரம் கூடாது. மணி அடிக்கும் வரை ஆளுக்கு ஒரு மரத்தடியில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும். கடவுள் தங்களோடு பேசினார் என்று மற்றவர்கள் சாட்சி சொன்னதைப் போல எனக்கு எந்தக் குரலும் கேட்டதில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். ஆனால் எனக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இதைத் தங்கையிடம் சொன்ன நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்: "அக்கா, நிஜமாவே யாரும் கூப்பிட மாட்டாங்களா?"

இந்த மாடியில் நடந்தால் கூப்பிடுவார்கள். வீடு பத்து நிமிட நடை.

"பாட்டு, வேதபாடம், விளையாட்டு எல்லாம் இங்கேயும் நடக்கும் ஐயா," என்றார் டீச்சர். "அமைதி வேளை நடக்காது. கீழே கிரில் பட்டறை. கேட்குதா?"

"ஏன் நடக்காது? இப்பவே உட்கார்ந்து பார்த்துடலாம். ஒரே மணி நேரம்," என்றார் பல் டாக்டர். பதில் சொல்ல முடியாதவர்களிடமே பேசிப் பழகியவர் அவர்; எங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நாங்களும் திருப்பிக்கொண்டோம். பத்து மணி.

கீழே இரும்பு அறுபட்டது. யாரோ ஒரு வண்டியை எட்டு முறை உதைத்துக் கிளப்பினார்கள். என் முன்னால் சுண்ணாம்பு உரிந்த இடம் முதலில் ஒரு தீவாகத் தெரிந்தது; பிறகு வெறும் சுவராக. எப்போது என்று தெரியவில்லை, பட்டறைச் சத்தம் எனக்குச் சம்பந்தமில்லாமல் போயிற்று. அறையில் ஐந்து பேர் மூச்சு விடுவது கேட்டது. தூரத்தில் பள்ளி மணி பதினொன்று அடித்து ஓய்ந்தது. யாரும் அசையவில்லை. அது எங்கள் மணி இல்லையே. ஒரு கைப்பேசி மேஜைமேல் அதிர்ந்து அதிர்ந்து, அலுத்துப்போய் நின்றது.

கடைசியில் பல் டாக்டர்தான் கிசுகிசுத்தார். "மன்னிக்கணும். மணி பதினொண்ணே முக்கால்."

"நீங்க ஆரம்பிச்சது, நீங்களே முடிப்பீங்கன்னு இருந்தேன்," என்றார் போதகர்.

"மணி அடிக்காம எப்படி ஐயா வாயைத் திறக்கிறது? கிளினிக்ல ரெண்டு பேர் அதைத் திறந்து வச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க!"

டீச்சர் சிரித்துவிட்டார். பிறகு எல்லோரும் ஒன்றாக அத்தையைப் பார்த்தோம். ஏரிக்கரையில் சமையல்கட்டு வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பது அத்தைதான்.

"என்னை ஏன் பார்க்கிறீங்க? நான்தான் உள்ள உட்கார்ந்துட்டேனே," என்றார் அத்தை. அவர் மட்டும் இன்னும் சுவரைப் பார்த்தபடியே இருந்தார்.

"நீங்க இதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லையா?" என்றார் போதகர்.

"எங்கே ஐயா? மணியைப் பார்த்துக்கிட்டு யாராவது ஒருத்தர் வெளியே இருக்கணும்ல."

"எப்படி இருந்துச்சு அத்தை?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "முதல் அரை மணி நேரம், அடுப்புல எதையோ வச்சிட்டு வந்த மாதிரியே இருந்துச்சு. அப்புறம் இல்ல."

இத்தனை வருடமும் அந்த ஒரு மணி நேரத்தை எனக்குக் கொடுத்தது ஏரி என்றே நினைத்திருந்தேன். நான் கடிகாரத்தை மறந்தது, வேறொருவர் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால்தான்.

"சரிம்மா, உன் ஓட்டு?" என்றார் போதகர்.

ஏரி கண்ணுக்குள் ஒரு தடவை வந்து போயிற்று. "இங்கேயே நடத்தலாம். ஆனா அஞ்சு நாளும் பிள்ளைங்க ராத்திரியும் இங்கேதான் தங்கணும். வீட்டு ஆளுங்க மாடி ஏறக் கூடாது. அத்தை உள்ள உட்காரட்டும். வெளியே நான் இருக்கேன்."

"அடிப்பாவி, கட்சி மாறிட்டியே!" என்றார் டீச்சர். படியிறங்கும்போது அத்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த பங்களா சமையல்கட்டு ஜன்னல்ல ஏரி தெரியும்டி," என்றார்.

மே மாதம் முகாம் தொடங்கியது. முப்பத்தெட்டு பேர். பல் டாக்டர் தன் கிளினிக் மேஜை மணியைக் கொண்டுவந்து கொடுத்தார். "இதை அடிச்சதும் யாராவது வாயைத் திறந்து காட்டினா நான் பொறுப்பில்லை."

இரண்டாம் நாள் அமைதி வேளை. நான் மாடிப்படியில், மடியில் மணி, கையில் கடிகாரம். நாற்பதாவது நிமிடத்தில் அம்மா மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"தங்கச்சியைக் கூப்பிடு. பீரோ சாவியை எங்கேயோ வச்சிட்டு வந்துட்டா."

"இப்ப முடியாதும்மா."

"ஒரே வார்த்தைடி. கேட்டுட்டுப் போயிடறேன்."

"இன்னும் இருபது நிமிஷம்."

"உள்ள அப்படி என்ன நடக்குது?"

"சும்மா உட்கார்ந்திருக்காங்க."

"சும்மாவா?" என்று அம்மா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். தங்கை சுவரைப் பார்த்து, கைகளை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவள் கைகள் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கத்தில், அதே படியில், புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நேரம் முடிந்ததும் மணியைத் தட்டினேன். கதவு திறந்தது. அம்மாவைப் பார்த்ததும் தங்கையின் முகம் சுருங்கியது.

"என்னம்மா?"

அம்மா எழுந்து முந்தானையை உதறினாள்.

"ஒண்ணுமில்ல. அக்காவைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பீரோ மூன்று நாள் பூட்டியே கிடந்தது.