கமலாவதி விட்ட வழி

விடியற்காலையில் அந்த வாழைகளுக்குள் நுழைந்தால், தான் எங்கே போகிறோம் என்பதே மீனாம்பிகைக்கு மறந்துவிடும். இலைகளிலிருந்து பனி சொட்டும். பச்சை வெளிச்சம் தலைக்கு மேல் அசையும். கோப்பாயில் அவளுடைய வீட்டுக்கும், அவளும் கணவன் கதிரவேலுவும் வெங்காயம் நட்டிருந்த தோட்டத்துக்கும் நடுவே கிடந்தது நமசிவாயத்தின் வீடும் வாழைகளும் நின்ற வளவு. அதன் வேலியில் காலைத் தூக்கி வைத்துத் தாண்டக்கூடிய ஒரு கடப்பு இருந்தது. அங்கே தொடங்கும் ஒற்றையடிப் பாதை வாழைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து தோட்டத்தில் போய் இறங்கும். கலியாணம் முடித்து வந்த வாரத்திலிருந்து அவள் நடந்த பாதை. வயிற்றில் பிள்ளையோடும் நடந்தாள், பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகும் நடந்தாள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு காலை, அந்தக் கடப்பு இல்லை. புதிதாகப் பின்னிய தென்னங்கிடுகு வைத்து, முள்ளுக்கம்பி இழுத்து இறுக்கி அடைத்திருந்தது. சொந்த வீட்டுக் கதவைக் கனவில் தேடித் தடவுகிறவள்போல அவள் அந்தக் கிடுகில் கையை வைத்தபடி நின்றாள்.

நமசிவாயம் காரணம் சொல்லவில்லை. மனைவி கமலாவதி செத்தபிறகு அவர் யாரோடும் அதிகம் கதைப்பதில்லை. கதிரவேலு அவர் வாசல் படலையில் நின்று கேட்டபோது, "என்ரை வளவு, நான் அடைக்கிறன்," என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

இனித் தோட்டத்துக்குப் போவதென்றால் றோட்டால் சுற்றி, வயல் வரம்பில் நடந்துதான் போகவேண்டும். மாரியில் அந்த வரம்பு தண்ணீருக்குள் கிடக்கும். கதிரவேலு பொறுக்கவில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் பத்மாசினி என்ற சட்டத்தரணியிடம் போனான்.

வயதில் இளையவள் என்றாலும் அவள் நிதானமாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "காணி அவரின்ரைதான். ஆனா, ஒருத்தரின்ரை காணியாலை பத்து வருசத்துக்கு மேலை, தடையில்லாமல், ஆரிட்டையும் கேளாமல், எங்கடை உரிமை எண்டு நடந்து வந்தால், அந்தப் பாதையிலை நடக்கிற உரிமை உங்களுக்கு வந்திடும்."

"கேட்டு நடந்தால்?" என்றாள் மீனாம்பிகை.

"அது அனுமதி, அக்கா. எத்தினை வருசம் போனாலும் அனுமதி உரிமையாகாது. தந்தவை நினைச்சால் நிப்பாட்டலாம். உங்களுக்கு ஆரும் அனுமதி தந்தவையோ?"

"ஒருத்தரும் தரேல்லை," என்று கதிரவேலு முந்திக்கொண்டான். அவன் அறிந்தது அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ் யன்னலோரம் தலையைச் சாய்த்திருந்தாள் மீனாம்பிகை. வெளியே பனைகள் மிதந்து போயின. அவளுக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. புதுப்பெண்ணாகத் தோட்டத்துக்குச் சாப்பாடு கொண்டு போன முதல் வாரம் அது. கொதிக்கும் வெயிலில் றோட்டால் சுற்றிப் போனவளை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கமலாவதி கூப்பிட்டாள். தன் கையாலேயே வேலியில் நட்டிருந்த இரண்டு கதியால்களை ஆட்டிப் பிடுங்கினாள். "ஏன் தங்கச்சி உப்பிடிச் சுத்திப் போறீர்? இதாலை வாரும். இனி எந்த நாளும் இதாலை வாரும்." நமசிவாயம் அப்போது மன்னாரில் உத்தியோகம். அந்தச் சொல்லைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

வழக்குத் தவணை தவணையாகத் தள்ளிப்போய், அடுத்த வருடம்தான் விசாரணைக்கு வந்தது. சாட்சிக் கூட்டில் ஏறியபோது மேலே காற்றாடி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. கேள்விகள் தூரத்திலிருந்து வருவதுபோல இருந்தன. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார்: "அந்த வளவுக்குள்ளாலை முதன்முதல் போனது ஆரைக் கேட்டு?"

ஒரு சொல் போதும். ஒருவரையும் கேட்கவில்லை என்றால் பாதை அவளுடையது. ஆனால் அப்படிச் சொன்னால் அந்த வெயிலில் கதியால் பிடுங்கி நின்ற மனுசி இல்லாமல் போய்விடுவாள். காற்றாடியின் நிழல் வாழையிலை நிழல்போல அவள் கைகளில் விழுந்து விழுந்து போனது.

"நான் கேக்கேல்லை," என்றாள் மீனாம்பிகை. "கமலாவதியக்காதான் கூப்பிட்டவ. இனி எந்த நாளும் இதாலை வாரும் எண்டவ."

நமசிவாயம் நிமிர்ந்து பார்த்தார். பத்மாசினி கண்ணை ஒருகணம் மூடித் திறந்தாள்.

வழக்குத் தள்ளுபடியானது. கதிரவேலு பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் இருந்தான். வீட்டுக்கு வந்து, "அவ செத்துப் போனா. நாங்கள் உயிரோடை இருக்கிறம்," என்று மட்டும் சொன்னான். அவள் அந்த மாரி முழுவதும் முழங்கால் தண்ணீரில் வரம்பால் நடந்தாள். நித்திரையில் மட்டும் வாழைகளுக்குள் நடந்தாள்.

தை பிறந்து கொஞ்ச நாளில் நமசிவாயம் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கூடவே மகள் நாகேஸ்வரி. தமிழர் வீடுகளை எரித்த ஆடிக் கலவரத்தில் கொழும்பு வீட்டைப் பறிகொடுத்துவிட்டுக் கப்பலில் வந்து சேர்ந்தவள்.

"பின்வளவாலை வந்துதான் இவளின்ரை வீட்டைக் கொளுத்தினவங்கள்," என்றார் நமசிவாயம். "இஞ்சை வந்த பிறகும் வளவுக்குள்ளை காலடிச் சத்தம் கேட்டால் மூலைக்குள்ளை போய் இருந்திடுவாள். அதுதான் அடைச்சனான். இதை ஊருக்குச் சொல்லேலுமே?"

"எனக்குச் சொல்லியிருக்கலாமே, அண்ணை."

நாகேஸ்வரி மெல்லக் கேட்டாள்: "அம்மா சொன்னதைக் கோட்டுக் கூட்டிலை ஏறிச் சொன்னனீங்களாம். இன்னொருக்கால் சொல்லுங்கோ, மாமி."

மீனாம்பிகை சொன்னாள். கமலாவதி இழுத்துக் கதைக்கிற மாதிரியே சொன்னாள். நாகேஸ்வரி சிரித்தாள், பிறகு அழுதாள்.

"இவளே திறக்கச் சொல்றாள். இனிப் பழையபடி நடவும்," என்றார் நமசிவாயம்.

"திரும்பவும் வாய்ச்சொல்லோ?" என்று உள்ளேயிருந்து கதிரவேலுவின் குரல் வந்தது.

யாழ்ப்பாணம் போய்ச் சொன்னபோது, அவன் கேட்டதும் நியாயம்தான் என்றாள் பத்மாசினி. "பத்திரம் பதியிற நொத்தாரிசுக்கு முன்னாலை உறுதிப் பத்திரமா எழுதுங்கோ. பிறகு காணி ஆரின்ரை கைக்குப் போனாலும் பாதை உங்கடைதான்." நாகேஸ்வரியின் புருசன் கனடாவிலிருந்து எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். காணி ஒருநாள் கை மாறும் என்பது நமசிவாயத்துக்கும் தெரியும். சம்மதித்தார்.

நொத்தாரிசு பேனையைப் பிடித்தபடி கேட்டார்: "பாதை எவ்வளவு அகலம்?"

யாருக்கும் தெரியவில்லை. "ரெண்டு பேர் பக்கத்திலை பக்கத்திலை நடக்கக்கூடிய அகலம்," என்றாள் நாகேஸ்வரி. நொத்தாரிசு அதை அடிக்கணக்காக்கி நேர்கோடாக எழுதினார்.

மறுநாள் காலை மீனாம்பிகை திரும்பத் திறந்துவிட்ட கடப்பைத் தாண்டியபோது நாகேஸ்வரி அங்கே காத்து நின்றாள். பாதை மூடிக்கிடந்தது. நட்ட நடுவில் வாழைக்குட்டிகள் முளைத்திருந்தன. மீனாம்பிகை வெட்டக் கத்தியை எடுத்தாள்.

"விடுங்கோ மாமி, நிக்கட்டும்," என்றாள் நாகேஸ்வரி.

இருவரும் குட்டிகளைச் சுற்றி, உறுதிப் பத்திரத்தில் இல்லாத ஒரு வளைவால், பனி சொட்டச் சொட்ட நடந்தார்கள்.