உச்சிப் பூவின் மகரந்தம்

வெயில் வந்ததும், செங்காந்தள் என்கிற கண்வலிப் பூக்களுக்கு நடுவே இறங்கிய பொங்கியண்ணன், சற்று நேரத்திலேயே மூன்று பூக்களின் சூல்தண்டை ஒடித்துப்போட்டான். ஏர் பிடித்துத் தடித்த விரல், அதைக் குறை சொல்லி என்ன செய்ய. இந்தப் பூவில் வண்டை நம்பினால் பாதிகூடக் காய் பிடிக்காது. ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து, இன்னொரு பூவில் பக்கவாட்டில் நீண்டிருக்கும் தண்டின் நுனியில் ஆள்தான் தடவிவிட வேண்டும். அதுவும் வெயில் ஏறுவதற்குள்.

தொண்ணூற்றாறாம் வருஷத்து ஐப்பசி அடைமழை அன்றைக்குத்தான் விட்டிருந்தது. தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் பூத்துக்கிடந்தது. இன்றைக்கு விட்டால் எல்லாம் சிவந்து வாடி, வருஷ வெள்ளாமையே போய்விடும். வழக்கமாக வரும் பெண்கள் காங்கேயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களைவிடக் கை தேர்ந்தவள் அவன் மனைவி பழனாத்தாள். அவளோ வீட்டுக்குத் தூரமாகி வரப்பில் நின்றிருந்தாள். அந்த நாட்களில் பெண்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போகக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. இதுவும் கொடிதானே என்று பொங்கியண்ணன் அதை இதற்கும் சேர்த்துப் போட்டுவிட்டான்.

நான்காவது பூவும் ஒடிந்தது. பழனாத்தாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினாள். பயம் இருந்தது. ஆனால் பயந்துகொண்டு நிற்க நேரமில்லை.

"ஏம்புள்ள, தெரிஞ்சுதான் வாரயா?"

"தெரிஞ்சுதானுங்க. போன மாசமும் இப்படித்தான் இருந்தேன், சொல்லல. விதைக்குன்னு செவப்புத் துணி கட்டி வெச்சிருக்கறீங்களே, அந்தக் காயெல்லாம் அப்ப நான் தொட்ட பூவுங்க."

வருகிறவர்களுக்கெல்லாம் அவன் பெருமையாகக் காட்டிய காய்கள் அவை. ஒன்றுகூடச் சூம்பவில்லை. அந்தச் சிவப்புத் துணிகளைத் திரும்பிப் பார்த்தான். மறைத்துவிட்டாளே என்று கோபமாகவும், காய் பிடித்திருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

அதற்குள் அவள் அடுத்த கொடிக்குப் போயிருந்தாள். கீழ்ப் பூக்களின் மகரந்தம் மழையில் ஊறிப்போயிருந்தது. கிளுவை மரத்தைப் பற்றி ஏறிய கொடியோ அவள் உயரத்தைத் தாண்டி நின்றது.

"உச்சிப் பூவுல பொடி காஞ்சிருக்குமுங்க. எட்டி எடுத்துக் குடுங்க."

அவன் எட்டி எடுத்தான். விரல் நுனி மஞ்சளானது. அந்த நாட்களில் அவளுக்கு எதையும் தரையில் வைத்துத்தான் கொடுப்பான், அவள் குனிந்து எடுத்துக்கொள்வாள். பழக்கத்தில் பாதி குனிந்தவன் அப்படியே நின்றான். மகரந்தத்தை எப்படித் தரையில் வைப்பது. காற்று வேறு கிளம்பியிருந்தது.

பழனாத்தாள் விரலை நீட்டினாள். நீட்டிய விரலை அவள் மடக்கவில்லை.

பொங்கியண்ணன் தன் மஞ்சள் விரலைக் காற்றடிக்காமல் மறு கையால் பொத்தியபடி, அவள் விரலுக்கு நேராக மெல்ல நிமிர்ந்தான்.