பச்சை ஆப்பிள் ஷாம்பு

அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் அந்தச் சிற்றூரில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை மார்லிஸுடையது ஒன்றுதான். முப்பது வருடமாக அங்கே ஒரே வாசனை, பச்சை ஆப்பிள். அவளுடைய முதல் நாய் டாட்டியை அந்த ஷாம்புவில்தான் குளிப்பாட்டினாள். டாட்டி செத்து வெகுகாலம் ஆகியும், எந்த நாயின் ஈரக் கழுத்தில் மூக்கை வைத்தாலும் அவளுக்கு அது டாட்டியின் கழுத்துதான்.

கம்பெனி அந்த ஷாம்புவை நிறுத்திவிட்டது. கடைசிக் கேனில் கால்வாசி மிச்சம். வழக்கமாக அன்றைக்கு வேண்டியதைத் தண்ணீரில் கலந்து, மீதியைச் சாயங்காலம் கொட்டிவிடுவாள். இப்போது கொட்ட மனம் வரவில்லை. கேனுக்குள்ளேயே தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, பிடித்த நாய்களுக்கு மட்டும் ஆறு வாரமாகச் சிக்கனமாக ஊற்றினாள்.

வியாழக்கிழமை பன்றிப் பண்ணைக்காரர் கோர்டி தன் ஷ்னாசர் நாய் ஓட்டிஸை இடுக்கிக்கொண்டு வந்தார்.

"லாவெண்டர் கீவெண்டர்னு எதையாவது பூசி அனுப்பின, என் பொண்டாட்டி என்னையும் சேத்து வெளிய தள்ளிடுவா. பழசையே போடு."

"உங்களுக்கும் சேத்துப் போடவா? பன்னி வாடை வாசல்லயே தூக்குது."

கேனிலிருந்து ஊற்றி ஓட்டிஸின் முதுகைத் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை கோர்டி ஓட்டிஸைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார். முகத்தில் கேலி இல்லை.

"தொட்டாலே கத்துறான். காய்ச்சல் வேற. டாக்டர் முதுகெலும்புல அடின்னு சொல்லி வலி மாத்திரை குடுத்திருக்கார். மேசையிலேருந்து கீழ விட்டுட்டியா? சொல்லு, கோவிச்சுக்க மாட்டேன்."

"விடல, கோர்டி."

முதுகு முடியை விலக்கிப் பார்த்தாள். கழுத்திலிருந்து வால்வரை சிவந்த கொப்புளங்கள். ஒன்று உடைந்து, ரத்தம் கலந்த சீழ் அவள் நகத்தடியில் ஏறியது. அழுகிய வாடை. அதன்மேல் பச்சை ஆப்பிள்.

பின்னறைக்குப் போய்க் கேனைச் சாய்த்தாள். அது கொட்டவில்லை. மூக்குச்சளிபோல் நீண்டு தொங்கியது. மூடியின் உட்புறம் வழவழவென்று சவ்வு. தினமும் இதைத்தான் மூக்கருகே வைத்து ஆசை ஆசையாக முகர்ந்திருக்கிறாள். அதே விரல்களால் மதியம் சாண்ட்விச் தின்றிருக்கிறாள். தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

முதுகெலும்பில் அடி என்றே இருந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. கடை பிழைக்கும். ஆனால் வலி மாத்திரைக்குக் கிருமி சாகாது. இப்படியே விட்டால் ஓட்டிஸ் திங்கட்கிழமை வரை தாங்கமாட்டான்.

கேனுடன் வெளியே வந்தாள்.

"அடி இல்ல. என்னாலதான். தண்ணி கலந்து ஆறு வாரம் வச்சிருந்தேன், கெட்டுப்போச்சு. டாக்டர் இதைப் பாக்கணும். வண்டிய எடுங்க."

கோர்டி கேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"சீ! இதையா என் புள்ள மேல தேச்ச?"

"வாசனை நல்லாத்தான் இருந்துச்சு."

"அவனைத் தொடாத. ஏறு."

நாய் நடுங்கியதால் ஹீட்டரை முழுக்கத் திருப்பியிருந்தார். கேன் அவள் மடியில் சூடேறியது. வண்டி முழுக்க ஆப்பிள். கண்ணாடியை இறக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

டாக்டர் கேனிலிருந்தும் புண்ணிலிருந்தும் பஞ்சில் ஒற்றி எடுத்தார். மருந்தை மாற்றினார்.

"இன்னிக்கே வந்தீங்க, பொழைச்சுக்குவான். நாளைக்குன்னா சொல்றதுக்கில்ல."

கோர்டி நாயின் காதை நீவிக்கொண்டே இருந்தார். அவள் பக்கம் திரும்பவில்லை.

"போய்க் கையக் கழுவு, மார்லிஸ்."