சித்தி கிளம்பும் காட்சி

அந்தக் காட்சி நான்கு நிமிடமா, நாலரை நிமிடமா என்று எனக்கு இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. மற்றதிலும் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். கையில் இருந்தது வலதுகால் ஷூ. அதில் மட்டும் சந்தேகமில்லை.

ஊர் மனிதர்களை ஊர் மனிதர்களாகவே காட்டும் அனிமேஷன் படம் என்று இயக்குநர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். அதற்காக ஸ்டூடியோச் சுவர் முழுக்கக் கூரை ஓடு, ஜன்னல் கம்பி, கதவுக் கைப்பிடி என்று போட்டோக்கள். ஓடுகளை எண்ணித்தான் வரைய வேண்டும். அப்பேர்ப்பட்டவர், ஓவியக்காரி எட்டு வாரம் முதுகொடிய வரைந்த காட்சியைப் பார்த்துவிட்டு, "வெட்டிடலாம்மா" என்றார்.

காட்சியில் ஒரு பெண்மணி சொந்தக்காரர் வீட்டிலிருந்து கிளம்புகிறாள். அவ்வளவுதான். நான்கு நிமிடம் கிளம்புகிறாள்.

"கதை எங்கம்மா நகருது?"

"சோபாவுலேர்ந்து வாசல் வரைக்கும் நகர்ந்திருக்கு சார்."

"போயிட்டு வரேன்னு சொன்னா போகணும். ரெண்டு செகண்ட் போதும்."

அந்தப் பெண்மணி ஓவியக்காரியின் சித்தி. நடை, கைவீச்சு, நின்று திரும்புகிற விதம் எல்லாம் அசல் சித்தி. சித்தியோ, "நான் சினிமால வரேன்" என்று தெரு முழுக்கத் தண்டோரா போட்டாயிற்று. இரண்டு செகண்டில் முதுகுதான் தெரியும். அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது.

அதற்கு மேல் எதிர்த்துப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"குரலையாவது பதிவு பண்ணிட்டு வெட்டலாம் சார்" என்றாள் கடைசியில்.

சனிக்கிழமை இயக்குநர் மைக்கோடு சித்தி வீட்டுக்கு வந்தார். பத்தே நிமிடத்தில் பதிவு முடிந்தது. "சரிம்மா, வரேன்" என்று எழுந்தார். மணி நான்கு. வாசலில் இடதுகால் ஷூவைப் போட்டுக்கொண்டு வலதைக் கையில் எடுத்தார்.

"தம்பி, அம்மாவுக்கு முட்டிவலின்னீங்களே, யார்கிட்ட காட்டறீங்க?" என்றாள் சித்தி.

டாக்டர் பேரைச் சொன்னார்.

"அவர்கிட்டயா? அந்தாளே நொண்டி நொண்டித்தானே நடக்கிறார்."

பேச்சு முட்டியிலிருந்து மாடிப்படிக்குப் போனது, மாடிப்படியிலிருந்து மாடிவீட்டு நாய்க்குப் போனது. நடுவில் மூன்று முறை "வரேன்" சொன்னார். நான்காவது முறை கேட்டைத் திறந்து வெளியே போனவர், யாரும் கூப்பிடாமல் தானே திரும்பி வந்தார்.

"அது சரி, பக்கத்து வீட்டுக்காரர் மச்சினிச்சி கோவிச்சுட்டுப் போனதைப் பாதியில விட்டுட்டீங்களே?"

கேட்டில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். ஓவியக்காரி படியில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, அவரையும் அவர் கையிலிருந்த ஷூவையும் வரையத் தொடங்கினாள்.

நாலே முக்காலுக்கு அவர் நோட்டை எட்டிப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"எத்தனை நிமிஷம்?"

"நாப்பத்தஞ்சு சார். நான் நாலுதான் கேட்டேன்."

"காட்சி இருந்துட்டுப் போகட்டும்" என்றார். "மூக்கை மட்டும் சின்னதாக்கிடு."

"என் மூக்குக்கு என்ன தம்பி?" என்றாள் சித்தி.

"உங்களது இல்லம்மா. என்னோடது."

காட்சி முழுசாக வந்தது, ஷூவோடு. தியேட்டரில் பாதிப்பேர் படம் முடிந்துவிட்டதென்று எழுந்து, வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் இப்போது மீன்களை வைத்துப் படம் எடுக்கிறார். இடுப்பைப் பெரிதாக வரைந்துவிட்டாள் என்று சித்தி ஒரு மாதம் பேசவில்லை, பிறகு பேசினாள். ஓவியக்காரி பிஸ்கட் விளம்பரத்துக்கு முயல் வரைகிறாள். பக்கத்து வீட்டுக்காரர் மச்சினிச்சி திரும்பி வந்துவிட்டாள்.