எதிர்காற்றில் இரண்டு செம்மல்கள்

தேனி வர்த்தகர் பேரவை அந்த ஆடி மாதம் பூமியைக் காப்பாற்றிவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. கடைக்குப் போனால் துணிப்பை, அறையை விட்டு எழுந்தால் மின்விசிறியை அணைப்பது, வாரம் ஒருநாள் சைக்கிள். பேரவையின் விழாவுக்கு அதிக தூரம் சைக்கிளில் வருபவருக்குப் ‘பசுமைச் செம்மல்’ பட்டம். பட்டம் வாங்குபவரே அடுத்த தலைவர் என்றும் பேச்சு.

தலைவர் நாற்காலிக்காகவே வாழ்ந்துகொண்டிருந்த ஏலக்காய் வியாபாரி வைகுண்டராஜ், போடியிலிருந்தே மிதித்து வருவதாக அறிவித்துவிட்டார்.

சைக்கிள் குட்டியானை சரக்கு வண்டியில் வந்தது. அவரும் மனைவி பாண்டியம்மாளும் காரில் ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பின்னால் வந்தார்கள். விழா மண்டபத்தின் பின்சந்தில் இறக்கிக்கொள்வதாக ஏற்பாடு. அங்கே போனால், இன்னொரு போடிக்காரரான துணிக்கடை லிங்கேஸ்வரனின் சைக்கிள் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

“செத்த பொறுங்க அண்ணாச்சி, என்னோடது எறங்கிரட்டும்” என்றார் லிங்கேஸ்வரன், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

பாண்டியம்மாள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கணவர் தலையில் கவிழ்த்தாள்.

“ஏத்தா, குளுருதுல்ல!”

“வேர்வை இல்லாமப் போனா யாருங்க நம்புவாக? ஆடாம நில்லுங்க.”

மேடையில் வைகுண்டராஜ் நன்றாக மூச்சு வாங்கினார். “எதிர்காற்று நெஞ்சில் அறைந்தது. பூமித்தாயை நினைத்து மிதித்தேன்!” கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

இறங்கி வந்தவரின் காதில் பாண்டியம்மாள் கிசுகிசுத்தாள். “கெடுத்தீகளே! ஆடிக்காத்து மேக்க மலையிலருந்துல்ல அடிக்கும்? போடியிலருந்து கெழக்க வந்தா முதுகுலதான தள்ளும்!”

வைகுண்டராஜுக்கு இப்போது நிஜமாகவே வேர்த்தது. அதற்குள் லிங்கேஸ்வரன் மைக்கைப் பிடித்துவிட்டார். ஒரே வார்த்தையில் நாற்காலி போய்விடும்.

“அண்ணாச்சியாவது பரவாயில்ல. என்னைய எதிர்காத்து ரெண்டு தடவை ரோட்டோரத்துல சாச்சிருச்சு!”

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசைக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவர்களும் காரில் வந்தவர்கள்தான்.

இருக்கிற தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டு பேரும் ஒண்ணுபோலச் சொல்றாக. அதனால ரெண்டு பேருமே செம்மல். ஆனா நாற்காலி ஒண்ணுதான். யார் மனசும் நோகக்கூடாதுன்னு, நானே தலைவராத் தொடர்றேன்.”

இருவர் தோளிலும் சால்வைகள் விழுந்தன.

வைகுண்டராஜ் பல்லைக் கடித்தார். “ஏன்ப்பா லிங்கம், காத்து முதுகுலதான் அடிச்சதுன்னு சொல்லியிருந்தா நீ தலைவராயிருப்பியே?”

“எந்தப் பக்கம் அடிச்சதுன்னு நான் எதைக் கண்டேன் அண்ணாச்சி? நானும் கண்ணாடிய ஏத்திவிட்டுல்ல வந்தேன்.”